அக்காவின் வகுப்பில் நான் செய்த பிழை

சென்ற ஆண்டு இதே வாரம் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் அக்காவின் முதல் வருஷப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதிக்கொள்வது. அக்காவைப் புகழ்ந்து எழுதச் சொல்லித்தான் சித்தப்பா காகிதத்தைக் கொடுத்தார். புகழ்வேன். ஆனால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்தே எழுதுவேன்.

அக்கா பிறந்தது சங்ககிரியில். எங்கள் தகப்பனார் அங்கே மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தார். அவர் விஷக்காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மா எங்களைச் சேலத்துக்கு அழைத்து வந்தார். அக்கா பயிற்சிப் பள்ளியில் படித்து, ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டோம். வந்த வரன்களை எல்லாம், "மொதல்ல தங்கச்சி படிச்சு முடிக்கட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார். பின்பு நானும் அதே பள்ளியில் தையல் டீச்சரானேன். அப்போதும் அவர் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தப் பள்ளியில், இங்கிலீஷ் வகுப்பில் வேறு பாஷை பேசினால் கழுத்தில் ஒரு கட்டையை மாட்டுவார்கள். அடுத்தவள் வாய் தவறும்வரை அது அங்கேயே தொங்கும். அக்கா அந்தக் கட்டையைத் தூக்கி பீரோவுக்கு மேலே போட்டுவிட்டார். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உருது. "தண்ணிக்கு உங்க ஊட்டுல என்ன சொல்லுவீங்க, சாமி?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்பார். நீள்ளு, நீரு, பானி என்று குரல்கள் கிளம்பும். எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே பலகையில் எழுதி, அடியில் இங்கிலீஷ் சொல்லை எழுதுவார். முதலில் வீட்டுப் பேச்சு, பிறகு இங்கிலீஷ் என்பதுதான் அவர் வகுப்பின் வழக்கம். சந்தைக்கடை இரைச்சல்தான். ஆனால் வாயே திறக்காத பிள்ளை என்று அங்கே ஒருத்தியும் இல்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் அக்காவின் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவார்கள். அந்தச் சந்தைக்கடை இரைச்சலைக் கேட்டால் அவர் என்ன எழுதுவாரோ என்று பயந்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள், தையல் வகுப்பில் அக்காவின் மாணவிகளிடம், "நாளைக்கு எவளாச்சும் தெலுங்கு, உருதுன்னு வாயத் தொறந்தீங்க, அந்தக் கட்டைய நானே மாட்டியுடுவேன்" என்று மிரட்டினேன். அக்காவுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மறுநாள் அந்த அம்மா மேசைமேல் இருந்த பொருள்களைக் காட்டி, இங்கிலீஷில் பெயர் கேட்டார். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. ரங்கம்மாள் என்ற கெட்டிக்கார நெசவு வீட்டுப் பெண் எழுந்து நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுப் பேச்சை நான் அடைத்துவிட்டதில் இங்கிலீஷும் வெளியே வரவில்லை.

"பயப்படாத சாமி, உங்க ஊட்டுப் பேச்சுலயே மொதல்ல சொல்லு" என்றார் அக்கா. அவள் வெளியே வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் கற்பிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. உத்தியோகம் நிரந்தரமாகவில்லை. இங்கிலீஷ் வகுப்பைப் பறித்து, அக்காவை அரிச்சுவடி வகுப்புக்கு மாற்றினார்கள். கடைசிவரை அவர் அங்கேதான் இருந்தார்.

நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று எட்டு வருஷம் போயிற்று. அக்கா நெஞ்சுவலியில் படுத்திருந்தபோதுகூட, கஞ்சி ஊட்டிக்கொண்டே வேறு எதையெதையோ பேசினேன்.

அடக்கத்தன்று ரங்கம்மாள் கைக்குழந்தையோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"டீச்சரம்மாவுக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நாந்தான் அழுதுட்டே சொன்னனுங்க. 'அவ எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சா. அவளா வந்து சொல்லட்டும், நீங்க யாரும் கேட்டுப்போடாதீங்க'ன்னாங்க" என்றாள்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், சவப்பெட்டியைச் சுமந்த பங்குக் கோயில் இளைஞர்களுக்கும், கல்லறைவரை வந்து அவரவர் பாஷையில் அழுத மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் ஆத்துமத்துக்காக ஒரு வேண்டுதல் செய்யுங்கள். எட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, நானே வந்து சொல்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். நான் சொல்லாமலே அனுப்பிவைத்துவிட்டேன்.