ஆகாசத்தில் ஒரு நாள் தூரம்

எங்கள் பக்கத்தில் தூரத்தை மைல் கணக்கில் யாரும் சொன்னதில்லை. அரக்கோணம் அரை நாள், அம்மையார்குப்பம் ஒரு பொழுது, அவ்வளவுதான். கராச்சியில் விமானப் பட்டறை வேலைக்குப் போன அண்ணனும், லீவில் வந்தபோது அப்படித்தான் சொன்னான். "ஏன் நைனா கவலப்படறே? ஆகாசத்துல கராச்சியும் மதராசும் ஒரு நாள் தூரந்தான்." போதாதா? மலையடிவாரம் முழுக்க நைனா அதைத் தமுக்கடித்துவிட்டார்.

யுத்த காலத்துச் சித்திரையில், ஒரு விடியலில் அம்மா செத்துப்போனாள். அண்ணனுக்குத் தந்தி போயிற்று. கொள்ளி வைக்க அவன் ஒரே மகன். "நாளைக்குள்ள எம்புள்ள பறந்து வந்துடுவான். அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்று நைனா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிணத்தை எடுக்காமல் தெருவில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைகள், இருந்த பொரியும் தீர்ந்து, பசியில் சிணுங்கின. அவள் அவற்றின் வாயைப் பொத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. போதாக்குறைக்கு ஒரு பங்காளி, "என்னாம்மா, உங்க ஆகாசக்காரன் வந்துகினே இருக்கானா?" என்று என்னிடம் கேட்டான்.

அப்போது விமானச் சத்தம் கேட்டது. அரக்கோணத்துத் திடலுக்குப் போகும் பட்டாளத்து விமானம், தினம் போவதுதான். நைனா அவிழ்ந்த வேட்டியோடு தெருவுக்கு ஓடினார். "வந்துட்டான்! டேய், இங்கடா! இங்க எறங்குடா!" என்று துண்டை எடுத்து வீசினார். விமானம் மலையைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. சாயங்காலம் நைனாவே கொள்ளி வைத்தார்.

பால் தெளிப்பும் முடிந்த பிறகு, ரயில் மாறி ரயில் ஏறி, சட்டையெல்லாம் கரியோடு அண்ணன் வந்து சேர்ந்தான். "பிளேனுக்குக் கிரீஸ் போடறவன் நைனா நானு. என்னெ அதுல ஏத்துவாங்களா?" என்று அழுதான். அந்த ஒரு நாள் தூரம் அவனுக்கில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நைனா, "அன்னிக்கே வந்துட்டான். அரக்கோணத்துல எறங்க வுடல. திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். ஐயோ நைனா, யார் நம்புவார்கள் இதை? வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆமாங்க, நாங்களுந்தான் பாத்தமே. எங்க தலைக்கு மேலதான் போனாரு."