ஒரு ஏ.சி. போதும் என்றேன்

எங்கள் ஆழ்வார்பேட்டை ஆபீசின் கம்ப்யூட்டர் அறைக்கு இரண்டு ஏ.சி. வேண்டாம், ஒன்றே போதும், மின்சாரம் மிச்சமாகும் என்று நான் அறிக்கை எழுதி மூன்று வருடமாகிறது. என் பிரமோஷனைத் தட்டிக்கொண்டு போன மேனேஜர் இன்றுதான் அதைப் படித்தார்.

“செஞ்சு பார்த்துடலாம் சார். முப்பது டிகிரி தாண்டினா அறிக்கை குப்பைக்கு,” என்றார்.

காலையில் ஒரு ஏ.சி.யை நிறுத்தினேன். மதியம் வரை தெர்மாமீட்டர் இருபத்து நான்கிலேயே நின்றது. சாப்பாடு முடிந்ததும் மேனேஜரை அழைத்து வந்து காட்டலாம் என்றிருந்தேன்.

சாப்பிட்டுத் திரும்பினால், அறை வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. உள்ளே ஆபீஸே டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தது. தெர்மாமீட்டரில் முப்பத்தொன்று.

“எழுந்திருங்க. உங்க உடம்புச் சூட்டுலதான் ஏறுது.”

டைப்பிஸ்ட் ஸ்டெல்லா மேடம் மோர்சாதத்திலிருந்து நிமிரவில்லை. “கத்திரி வெயில் சார். மிஷினுக்கு வேர்க்கக் கூடாது, எங்களுக்கு வேர்க்கலாமா?”

“இன்னா சார், தெனமும் இங்கதான துன்னுகினு கீறோம்,” என்றார் பியூன் கபாலி. “நீ ஒண்ண ஆஃப் பண்ணிட்ட, அதான் புழுங்குது.”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “மூணாவது ஏ.சி. கேட்டு எழுதிடலாம். நீங்களே எழுதுங்க சார்.”

அந்தக் கடிதத்தையும், நம் நண்பர்கள் குழுவுக்கு இந்த மின்னஞ்சலையும் அதே அறையில் உட்கார்ந்துதான் தட்டுகிறேன். வெளியே இருக்க முடியவில்லை.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் துணையாக எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? எழுதுங்கள். அறிக்கையில் நான் ஆட்களை எண்ண மறந்துவிட்டேன்.

இங்கே, என்னோடு சேர்த்துப் பத்து.