தனகோடி திருப்பிக் கேட்பாள்

பரந்தாமனுக்குப் பெண்டாட்டி தனகோடி மேல் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு மனத்தாங்கல். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அவள் பதில் சொல்வதில்லை; கேட்டவனையே திருப்பிக் கேட்கிறாள்.

"உடம்பு எப்படி இருக்குது?"

"இன்னாத்தக் கேக்குறீங்க?"

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் இதற்கு என்ன சொல்வான்? "நல்லா இருக்கேன்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்று நாடா ஓட்டுகிற கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். அவள் விடமாட்டாள். "காலக் கேக்குறீங்களா, கண்ணக் கேக்குறீங்களா, தூக்கத்தக் கேக்குறீங்களா? காலு நல்லா இருக்குது. அதுக்கு மேல கேட்டா நேரமாவும்."

குடியாத்தத்தில் அந்தத் தெரு முழுக்க லுங்கித் தறிதான். தனகோடி குள்ளம், வறுத்த புளியங்கொட்டை எந்நேரமும் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். இழையில் மாட்டாமல் இருக்க வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டிருப்பாள். காய்கறிக்காரியிடம் பேரம் பேசமாட்டாள். தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு கத்தரிக்காய் கூட விழும்.

பாவு என்கிற நெடுக்கு நூலைப் பிணைப்பதில் அவளுக்கு ஒரு காலத்தில் பெரிய பேர். தறியில் ஓடித் தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரிக்க வேண்டும். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம். கலியாணமான புதிதில் ஊர்க்கதை பேசிக்கொண்டே திரிப்பாள். ஓர் இழை தப்பாது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்தில் பிள்ளை உண்டானாள். ஏழாம் மாசம் கால் வீங்கியது, தலை இடித்தது. ஒன்பதில் வலிப்பு கண்டது. அவர்களுக்கு நூல் கொடுத்து லுங்கி வாங்குகிற முனீர் அகமது பாய்தான் வண்டி பிடித்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் நர்சு வெளியே வந்து, "தாயும் குழந்தையும் நல்லா இருக்காங்க" என்றாள். பரந்தாமன் அந்த வார்த்தையைச் சர்க்கரையோடு தெரு முழுக்கக் கொடுத்தான். பொய்யில்லை. அந்தக் குழந்தை வள்ளியம்மாள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் மறுபடி பாவில் உட்கார்ந்தபோது தனகோடி சிவப்பை நீலத்தோடு திரித்தாள். பாதியில் கை நின்றுவிடும். பேச்சும் அப்படியே, எதிரில் இருப்பவர் யாரென்று தெரியும், சொல்ல வந்தது போய்விடும். கண்ணை மூடினால் வலிப்பு வந்துவிடும் என்று சுவரில் சாய்ந்தே விடியவைப்பாள். முனீர் பாய் லுங்கியை விரித்துப் பார்த்து, "இன்னா பரந்தாமா, கட்டம் தண்ணி போட்டுக்கினு நடக்குதே?" என்றார். நாத்தனார் கங்கம்மாள் அவ்வளவு நயமாகச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிலயே நல்லா இருக்கான்னுட்டாங்க. இவளுக்குச் சோம்பல் ஜாஸ்தி." அவள் சொன்னதைத் தெருவும் பிடித்துக்கொண்டது. தனகோடி சண்டைக்குப் போகவில்லை. திருப்பிக் கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

இந்தத் தை மாசம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து மனோரமா என்கிற டாக்டரம்மா வந்தார். கர்ப்பத்தில் வலிப்பு கண்ட பெண்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஆராய்ச்சியாம். "நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"இன்னாத்தக் கேக்குறீங்க டாக்டரம்மா?"

பரந்தாமனுக்கு மானம் போயிற்று. டாக்டரம்மாவோ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுதான் எங்களுக்கும் தகராறு. தாய் உசுரோட இருக்காளா, பிள்ளை இருக்கா, ரத்த அழுத்தம் எவ்வளவு, இதை மட்டும் பார்த்தாப் போதும்னு சிலர் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை என்னென்ன கேக்கணும்னு முடிவு பண்றோம். உங்களுக்கு என்ன கஷ்டம்னு வந்து சொல்லுங்க. இனி எந்த ஊர்ல கேட்டாலும் அதையும் சேர்த்துக் கேப்போம். சொல்லாம விட்டா, நல்லா இருக்கற கணக்குலதான் எல்லாரும் போவாங்க."

அன்றிலிருந்து தனகோடி அங்கே சொல்ல வேண்டியதை அடுப்பிடம் பேசிப் பழகினாள்.

"இன்னாடி, கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறியா?" என்றான் பரந்தாமன்.

"ஆமா. இத்தினி வருசமா வாய்தா."

வெள்ளிக்கிழமை பரந்தாமன் தறியை நிறுத்திவிட்டு அவளோடு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள். இந்தப் பக்கம் பெஞ்சியில் அவளைப் போல வலிப்பு கண்ட பெண்கள். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். ஆம்பூர்த் தோல்ஷாப்பில் வேலை செய்கிற ஒருத்தி, மறுபடி உண்டாகிவிடுமோ என்று புருஷன் பக்கத்தில் படுக்கவே பயம் என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து தனகோடி. "காலு நல்லா இருக்குது. கண்ணு பரவால்ல. பாவுல உக்காந்தா, சேப்பு இழையக் கையில எடுக்கறேன். எடுத்தா…"

நின்றுவிட்டாள். விரல்கள் மட்டும் இல்லாத இழையைத் திரித்துக்கொண்டிருந்தன. டாக்டரம்மா காத்திருந்தார். மேசைக்கோடியில் இருந்த பெரியவர் பேனாவை மூடி, "பரவாயில்லம்மா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். அவர் கண் தனகோடியைத் தாண்டி வாசலில் நின்ற பரந்தாமன் மேல் விழுந்தது. அவனும் அந்த வார்த்தைக்குத் தலையாட்டியே பழகியவன். தலை ஆடப் பார்த்தது.

தனகோடி திரும்பினாள்.

"தலைய ஆட்டாதீங்க. எனக்குப் பேச்சு வர்ல. வூட்ல பாக்கறீங்க இல்ல, அத நீங்க சொல்லுங்க" என்று பெஞ்சியில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் காலியான இடத்தை உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்தாள்.