கோட்டோரம் நின்றவள்

கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சர் சுபிதா. சென்னையில் மூன்று நாள் நடந்த பெண்கள் வாலிபால் சர்வதேசத் தகுதிச் சுற்றுக்கு அவளைக் கோட்டு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பந்து உள்ளே விழுந்தால் கொடியைத் தாழ்த்த வேண்டும், வெளியே என்றால் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடைசி செட்டில் இந்தியப் பெண் ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. சுபிதா கொடியை உயர்த்தினாள். அத்தோடு இந்தியா வெளியேறியது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முத்துக்கனி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, அடிச்சது நம்ம பிள்ளையில்லியா? கொடியத் தாத்தியிருந்தா கை ஒடிஞ்சா போவும்?”

“அடிச்சது யாருண்ணு நான் பாக்கல்ல மைனி.”

“அப்போ அம்புட்டுத் தூரம் போயி மேட்சே பாக்கல்லியா?”

“மூணு நாளும் கோட்டத்தான் பாத்தேன். நல்ல நேரா இருந்துது, மைனி.”