யாகப்புவின் இரண்டு விரல்கள்

யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து நாரந்தனைக் கடற்கரையில் யாகப்புவுக்குக் கை கொடுத்தவன் தன் கையை இலேசில் திரும்பப் பெறமாட்டான் என்று பகிடி சொல்வார்கள். அவனுடைய வலது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தன. ஆரம்பத்தில் அங்கே ஒரு சின்னக் கட்டிதான் எழும்பியது. கடற்றொழில் செய்கிறவன் கையில் காய்ப்பு இல்லாவிட்டால்தானே சந்தேகப்பட வேண்டும்? யாகப்புவும் அதைக் காய்ப்பென்றே நினைத்து, சவர பிளேட்டால் சீவிச் சீவி விட்டான். தோலுக்கடியில் கயிறு போல ஒன்று திரண்டு, வருசக்கணக்காக விரல்களை உள்ளே இழுத்தது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியின் எண்ணெயைப் பூசி, மட்டைத் துண்டு வைத்து இறுக்கிக் கட்டியும் பார்த்தான். நோவுதான் மிச்சம்.

தொழிலுக்கு அதனால் பெரிய குறை வரவில்லை. வள்ளம் தள்ளும் மரக்கோலைப் பிடிக்க மடங்கிய விரல் போதும்; விடுவதற்குத்தான் கொஞ்சம் நேரமெடுக்கும். இப்படியே காலத்தைக் கழித்துவிடலாம் என்றுதான் இருந்தான். எண்பத்தைந்தாம் ஆண்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த வருசம் நேவிப் படகு வந்தால் வள்ளத்திலுள்ளவர்கள் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் கரையில் எல்லாருக்கும் பாடம். ஒரு காலை யாகப்புவும் அவன் மனைவியின் தம்பி வின்சன்றும் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது படகு கிட்ட வந்தது. இருவரும் கையைத் தூக்கினார்கள். மூன்று கைகள் விரிந்தன. நாலாவது கை முட்டியாக நின்றது.

துவக்குகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. முட்டிக்குள் கைக்குண்டு இருக்கிறதென்று நினைத்திருப்பார்கள், வேறென்ன நினைப்பார்கள்? வின்சன்ற் ஒருகாலத்தில் சிலாபத்தில் தொழில் செய்தவன். தெரிந்த சிங்களத்தையெல்லாம் சொல்லி மன்றாடினான். ஒருவன் வள்ளத்துக்குள் குதித்து விரல்களை நிமிர்த்தப் பார்த்தான். யாகப்பு அலறினான். கைக்குள் ஒன்றுமில்லை என்று கண்டபின் துப்பிவிட்டுப் போனார்கள்.

கரைக்கு வந்ததும் வின்சன்ற் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அத்தான், குறை நினையாதையுங்கோ. எனக்குச் சின்னப் பிள்ளையள். இந்தக் கையோடை உங்களைக் கூட்டிக்கொண்டு இனிக் கடலுக்குப் போக ஏலாது."

யாகப்புவுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த முறை சுடுவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் அவன் கையை மேசைமேல் குப்புற வைக்கச் சொன்னார். கை படியவில்லை.

"இதுக்கு டுப்பிட்ரன் எண்டு பேர். புற்றுநோயில்லை, பயப்பிடாதையும். எண்ணெயும் மட்டையும் இதை நிமிர்த்தாது. இப்பிடியே விட்டால் இன்னும் மடங்கும். வெட்டித் திறந்து அந்தக் கயிறை எடுத்தால் நிமிரும். ஆனால் ஒண்டரை மாசம் கட்டோடை இருக்கோணும். விரல் விறைச்சுப்போகவும் கூடும். சில வருசத்திலை திரும்பி வந்தாலும் வரும். யோசிச்சுச் சொல்லும்."

வீட்டில் அவன் மனைவி அல்போன்சம்மா யோசிக்கவே இல்லை. "வெட்டுங்கோ. திரும்பி வாறது வரட்டும். அதுக்கிடையிலை உங்களைச் சுட்டுப்போடுவாங்கள்."

"கட்டோடை பாலத்தடி ஆமிச் சென்றியை எப்பிடியக்கா தாண்டுறது?" என்றான் வின்சன்ற். "காயப்பட்ட இயக்கப் பெடியளைத் தேடித்தானே பஸ்ஸை மறிக்கிறாங்கள். போன கிழமை புங்குடுதீவு ஆள் ஒருத்தரைக் கால் கட்டோடை இறக்கினவங்கள். இன்னும் வீட்டை வரேல்லை."

"டொக்டர் எழுதித் தாற துண்டு இருக்குந்தானே?"

"காயப்பட்டவனும் டொக்டரிட்டைத்தானே போவான்?"

மடங்கிய கையோடு கடலுக்குப் போக முடியாது. கட்டுப்போட்ட கையோடு ரோட்டால் வரமுடியாது. யாகப்பு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தான். கட்டு ஒன்றரை மாசந்தான், மடங்கின கை சாகுமட்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டச் சம்மதித்தான். அந்தக் கணக்கில் பிழை சொல்ல என்னாலும் முடியவில்லை.

வெட்டு நன்றாகவே நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று, அல்போன்சம்மாவோடு பஸ்ஸில் ஏறினான். பாலத்தடியில் பஸ் நின்றது. யன்னலால் சீருடைகளைக் கண்டதும் யாகப்பு பல்லால் கட்டை இழுத்து அவிழ்க்கத் தொடங்கினான்.

"ஐயோ, என்ன செய்யிறியள்?"

"கட்டைக் கண்டால் இறக்குவாங்கள். விரிச்சுக் காட்டினால் விட்டிடுவாங்கள்."

பாவி மனுசன், கடலில் படித்த ஒரே பாடம் அவனுக்கு அதுதான். அவள் தடுக்குமுன் கட்டுச் சீலையையும் மட்டையையும் சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

ஆமிக்காரன் ஏறியதும் யாரும் கேட்காமலே யாகப்பு எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினான். பத்து விரலும் விரிந்து நின்றன. உள்ளங்கை முழுக்கக் கறுப்பு நூல் தையல். அவிழ்த்த வேகத்தில் ஒரு தையல் விட்டு, இரத்தம் முழங்கைவரை வடிந்தது. அல்போன்சம்மா டொக்டரின் துண்டை நீட்டினாள். ஆமிக்காரன் அதை வாங்கவில்லை. குனிந்து, சீற்றுக்குக் கீழே கிடந்த இரத்தச் சீலையைத் துவக்கு முனையால் இழுத்தெடுத்தான்.

கட்டோடு இருந்தவனையாவது ஏன் எதற்கென்று கேட்டிருப்பார்கள். கட்டை ஒளித்தவனிடம் கேட்க என்ன இருக்கிறது? யாகப்புவை முன்னால் நடக்கவிட்டார்கள். பின்னால் ஓடிய அல்போன்சம்மாவை மறித்து பஸ்ஸுக்குள் தள்ளினார்கள். பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். யாகப்பு ரோட்டில் இறங்கி நின்றான். கை தூக்கியபடியே இருந்தது, விரல் ஒன்றுகூட மடங்காமல்.