பாட்டுப் பெட்டி நின்றால்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உயிரோடிருந்த ஒரு மனிதரைச் சாகடித்தவள் நான். கையில் கத்தி இல்லை, ஒரு ரெக்கார்டுதான் இருந்தது.

எழுபதுகளின் நடுவில், ரிங்லெட் என்கிற சின்ன மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆபீசுக்குப் பின்னால் பாட்டு ரூம் என்று ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக். அங்கிருந்து வயர் இழுத்து தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருந்தார்கள். மலை மறைப்பதால் வெளி ரேடியோ கரகரவென்றுதான் எடுக்கும். எங்களுக்கு ரேடியோ என்றால் இந்தப் பெட்டிதான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேரும் முன்பும், மாலையில் கொழுந்து எடை போட்ட பிறகும் பழைய பாட்டு ஓடும். நடுவில் ரிங்லெட் கடைகளின் விளம்பரம். அந்த வருமானத்தில்தான் ரூம் நடந்தது.

நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். கோயில் திருவிழாவில் மைக்கில் பேசியதைக் கேட்டுவிட்டு, ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி என்னை இந்த வேலைக்கு மாற்றினார். கூடை சுமக்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம் என்று நான் துள்ளிக் குதித்ததுதான் மிச்சம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. லயத்தில் யாராவது இறந்தால் அதை மைக்கில் சொல்லக் கூடாது. பெட்டியில் சாவுச் செய்தி சொன்னால் சாவு எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் என்று பயம். அதனால் ஓடுகிற பாட்டைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும். பிணம் எடுக்கும் வரை பெட்டி ஊமை. பாட்டு பாதியில் நின்றால் சனம் வெளியே வந்து எந்த வீடு என்று விசாரிக்கும்.

அந்த முதல் நாள் மாலை இரண்டாவது பாட்டில் வால்வு போய்விட்டது. நான் பதறிப்போய் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாரிமுத்துக் கங்காணி வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர், அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தார். வேறு யாராக இருக்க முடியும்? பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கங்காணி வாசலுக்கு வந்தாராம்.

"நான் இன்னும் கஞ்சியே குடிக்கல. அதுக்குள்ள என்னாத்துக்கு அழுவுறீங்க?"

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு பழைய நாடகப் பாட்டு ரூமில் இருக்கிறது, அதைப் போடு, கணக்குத் தீர்ந்தது என்றார். அந்த ரெக்கார்டில் நடுவில் ஒரு கீறல். ஊசி அங்கே மாட்டிக்கொள்ளும், விரலால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். அன்றிலிருந்து தினமும் அவருக்காக அதைப் போட்டேன், தினமும் தள்ளினேன்.

2. கேட்கிறவர்களும் வாங்குகிறவர்களும்

எண்பதுகள் பிறந்ததும் கேசட் வந்தது. தானா ராத்தா டவுனுக்குப் போய் வருகிற பையன்கள் புதுப் பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். பிறகு, வேலைக்குப் போகிறவர்கள் இருந்த மேல் லயத்தில் ஒவ்வொரு வீடாக டிவி ஏறியது. பனியில் ஸ்பீக்கர் காகிதம் ஊறிப் போனால் முன்பெல்லாம் பெட்டியைக் கழற்றி அடுப்பங்கரையில் காயவைப்பார்கள். இப்போது அப்படியே விட்டுவிட்டார்கள்.

விளம்பரம் கேட்டு ரிங்லெட்டுக்குப் போனேன். வருஷக்கணக்காக எங்களுக்கு விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் காப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். காப்பி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒம் பெட்டியக் கேக்குறது பூரா கெழடுங்கதான்லா. அதுங்க என்கிட்ட வாங்குறது வருசத்துக்கு ஒரு வேட்டி. சேலை எடுக்குற பொண்ணுங்க ஒம் பெட்டியக் கேக்குறதில்ல. நான் யாருக்குச் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சரி, புதுப் பாட்டு போட்டுப் பார்ப்போம் என்று கிராணியைக் கெஞ்சிச் சில ரெக்கார்டு வரவழைத்தேன். அவை அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி என் கைக்கு வருவதற்குள் பையன்கள் கேசட்டில் கேட்டுச் சலித்திருந்தார்கள். "அக்கா, இது பழசு" என்று என் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். கிழவர்களுக்கோ அது பாட்டாகவே தெரியவில்லை. பெட்டிக்குள் தகரம் உருட்டுகிறாயா என்று கங்காணி ஆள் அனுப்பிக் கேட்டார். புதியவர்களும் வரவில்லை, பழையவர்களும் முகம் சுளித்தார்கள். பழைய பாட்டுக்கே திரும்பினேன். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு யாருக்குப் போடுகிறோம் என்று யோசிக்கிற கெட்ட பழக்கம் அப்போதுதான் வந்தது.

3. ஒரு வாரம்

புதிதாக வந்த மேனேஜர் கோபக்காரர் இல்லை. விளம்பர வருமானம் நின்றுவிட்டதே, ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போம், யாராவது வந்து கேட்டால் மறுபடி நடத்தலாம், கேட்காவிட்டால் மூடிவிடலாம் என்று கிராணியிடம் சொல்லி அனுப்பினார். நியாயமான பேச்சுதான்.

நிறுத்துவதற்கு முன் மைக்கில் சொன்னேன்: யாருக்கும் ஒன்றும் இல்லை, பெட்டியைத்தான் நிறுத்துகிறோம், வேண்டும் என்பவர்கள் ஆபீசில் வந்து சொல்லுங்கள். ரூமைப் பூட்டிவிட்டு ஆபீஸ் படியில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது மேல் லயத்துப் பெண் ஒருத்தி. பாட்டு கேட்டு வருகிறாள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். பெட்டியைக் கழற்றிவிடலாமா, அந்த ஆணியில் மகன் படத்தை மாட்ட வேண்டும் என்று கேட்டாள். அதைப் பார்த்து மேல் லயத்தில் மற்றவர்களும் கழற்றினார்கள். அப்புறம் கங்காணியின் மருமகள் வந்தாள். அவரால் அப்போது நடக்க முடியாது. பெட்டி ஏன் பேசவில்லை என்று மாமா சாப்பிடாமல் கிடக்கிறார், அவர் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். நான் சந்தோஷமாகக் கிராணியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ஆளுதானம்மா. அதுவும் அவரு. இத நான் எப்படி மேல கொண்டு போறது?"

வேறு யாரும் வரவில்லை. பகையில்லை, கோபமில்லை, வெறுமனே வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

4. பாதிப் பாட்டு

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் கங்காணி இறந்துபோனார். மருமகள்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "பெட்டி ஏற்கனவே நின்னுபோச்சேக்கா, சனத்துக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாவி இன்னும் என்னிடம் இருந்தது. ரூமைத் திறந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். வால்வு சூடேறும்வரை ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய நாடகப் பாட்டை வைத்தேன். நிறுத்துவதற்கென்றே ஒரு பாட்டைப் போட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கீறலுக்கு முன்னாலேயே ஊசியைத் தூக்கிவிட்டேன். தள்ளிவிட மனசு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கீழ் லயத்துக் கிழவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் எந்த வீடு என்று கேட்கவில்லை. பாட்டே சொல்லிவிட்டது. மேல் லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் வழக்கம்போல் கூடையோடு மலைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம், எல்லாம் முடிந்த பிறகு வந்தார்கள். ஆணி கேட்ட அந்தப் பெண்தான் முதலில் சத்தம் போட்டாள். சின்ன வயதில் அவளுக்குக் கொழுந்து எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் கங்காணி.

"மொகத்தகூடப் பாக்க முடியாமப் பண்ணிட்டியே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் அக்கா. ஒங்க வீட்டுலதான் பெட்டி இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

அனுமதி இல்லாமல் ரூமைத் திறந்ததற்குக் கிராணி என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதன் பிறகு பெட்டி வேண்டும் என்று மேல் லயத்திலிருந்து நாலைந்து பேர் வந்து கேட்டார்களாம். வாரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

இன்று ரேடியோவில் பழைய பாட்டு போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிறுத்திப் பார்க்காதீர்கள். தினமும் ஓடுவதை யாரும் கேட்டு வர மாட்டார்கள். அது தேவைப்படுகிற நாளில் வருவார்கள், அப்போது ரூம் பூட்டியிருக்கும்.

சாவியைக் கொடுத்த அடுத்த நாள் பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனேன்.