அம்மா படுத்திருந்த கொழுந்து

அப்போது நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப்போன அம்மா மலையிலேயே மயங்கி விழுந்தார் என்று கேட்டு ஓடினேன். பசறைக்கு அப்பாலிருந்த எங்கள் தோட்டத்தில் அந்நேரம் நின்றது கொழுந்து லொறி ஒன்றுதான். டிரைவர் அண்ணன் சாக்குகளை அவிழ்த்து, கொழுந்தை மெத்தை போலப் பரப்பினார்.

"எல நசுங்கிச் செவந்துருமேப்பா, தொரை ஏசுவாரு" என்றார் கங்காணி.

"ஏசட்டுங்க. தங்கச்சி, அம்மாவ படுக்க வை" என்றார் டிரைவர் அண்ணன் என்னிடம்.

பதுளை ஆஸ்பத்திரியில் தூக்கும்போது அம்மாவுக்கு மூச்சு இல்லை. பச்சைக் கொழுந்தின் நடுவே அவர் கிடந்த இடம் மட்டும், அவர் உருவத்திலேயே செம்பு நிறமாகியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். இலைக் கலத்தில் மென்சவ்வோடு ஒட்டியிருக்கும் நொதியமும் துவர்ப்புச் சாறும் தனித்தனியே இருக்கும். நசுங்கி மென்சவ்வு கிழிந்தால் இரண்டும் கலக்கும். காற்றுப் பட்டு இலை சிவக்கும். முந்தின வாரம்தான் பாடமாக்கியிருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது லொறியில் அந்தச் சிவப்பு மேலும் கறுத்திருந்தது. அம்மா ஓய்ந்துவிட்டார், நொதியம் ஓயவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. பிழையில்லாமல் எழுதினேன். இலை ஏன் சிவந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன். அம்மா ஏன் விழுந்தார் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.